எழுதக் கற்பிக்காத தமிழ்ப் பட்டம்

தமிழ்த் துறையொன்றின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டு மீளாய்வுக் கைந்நூல் எட்டு அளவுகோல்களை வகுத்துள்ளது. முகாமை, ஆளணி, பாட வடிவமைப்பு, கற்பித்தல், மதிப்பீடு என அவை விரியும். கோப்புகள் அடுக்கப்படுகின்றன, மீளாய்வாளர் வருகின்றனர், புள்ளிகள் இடப்படுகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், நான்காண்டு தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஒருவர், தம் ஊரைப் பற்றிப் பிறர் விரும்பிப் படிக்கத்தக்க பத்துப் பக்கங்களை எழுதவல்லரா என்று கேட்டால், அக்கோப்புகள் வாய் திறவா.

மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையுறுகின்றது. 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகம் தேயிலை மலைகளின் வாயிலிலேயே அமைந்தது. பேராதனைச் சந்தியிற் புகையிரதமேறினால் கம்பளை, நாவலப்பிட்டி கடந்து அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று போய்க்கொண்டேயிருக்கலாம். எனினும் மலையக இலக்கியம் இவ்வாயிலுக்கு வெளியேதான் வளர்ந்தது. தொழிலாளர் நடுவே பாடிய மீனாட்சி அம்மாள். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகி, பின்னர் குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் வாக்கிழந்ததைக் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை, தாம் ஆசிரியப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், தலவாக்கலைத் தோட்டத்து மல்லிகை சி. குமார். இவர்களுக்குப் பட்டறையாக அமைந்தவை தொழிற்சங்க மேடையும், வீரகேசரியின் தோட்ட மஞ்சரியும், அப்பத்திரிகையோடு மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளுமே. இவர்களை உருவாக்கியதில் நம் தமிழ்த் துறைகளுக்குப் பங்கில்லை. இவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவித்ததில் மட்டுமே பங்குண்டு. மலையகத்திற் பட்டதாரி எழுத்தாளர் இலர் என்று நான் கூறவில்லை. உளர், ஆனால் அவர்கள் பட்டப்படிப்பினால் எழுதியவர்களல்லர், பட்டப்படிப்பையும் மீறி எழுதியவர்கள்.

இதன் விளைவை 2023இல் கண்கூடாகக் கண்டோம். மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்த இருநூறாவது ஆண்டை ஒட்டி எத்தனை மலர்கள், எத்தனை கட்டுரைகள்! பெரும்பாலானவற்றில் ‘துயர்தோய்ந்த வாழ்வு’, ‘உதிரம் சிந்திய உழைப்பு’ முதலான தொடர்களே திரும்பத் திரும்ப வந்தன. கொழுந்து நிறுக்குமிடத்தில், பைக்கென்றும் ஈரத்திற்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகின்றது, அதனை எதிர்த்துக் கேட்ட பெண்ணுக்கு மறுநாள் எந்த மலை ஒதுக்கப்படுகின்றது, குறித்த நிறை எட்டாதபோது ‘அரைப்பேர்’ போடப்பட்டவள் வீட்டிற்குச் சென்று அதை எவ்வாறு சொல்கின்றாள் என்பவற்றை எழுதியோர் மிகச் சிலரே. லயத்திற் பிறந்து வளர்ந்த மாணவருக்கு இவை தெரியாதனவா? தெரியும். தெரிந்ததை எழுதலாகாது என்று நாமே பழக்கியிருக்கின்றோம். ‘பிரட்டுக்களம்’ என்று எழுதினால் அடியிற் சிவப்புக் கோடு. ஆய்வேட்டில் அச்சொல்லை மேற்கோட்குறிக்குள் அடைத்து ‘வட்டார வழக்கு’ என்று அடிக்குறிப்பு. தாயின் தொழிற்சொல்லை அந்நியச் சரக்காகக் கையாளப் பழகியவரிடம், பின்னர் உயிருள்ள உரைநடையை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

‘எழுத்து பிறவிப்பேறு, அதைக் கற்பிக்க இயலாது’ என்பர் நம் மூத்தோர் சிலர். இவ்விடையைப் பேராதனை மண்ணில் நின்று சொல்வதுதான் வியப்பு. 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ உருப்பெற்றது இப்பல்கலைக்கழகச் சிங்கள நாடகக் குழுவினரிடையே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வளாகத்திற்கு அழைத்து வந்து, அண்ணாவியாரைக் கொண்டு மாணவருக்குப் பயிற்றுவித்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என மேடையேற்றினார். ஆடலும் பாடலும் பயிற்சியால் வரும், உரைநடை மட்டும் வானிலிருந்து விழும் என்பது எவ்வகைத் தர்க்கம்? (மட்டக்களப்பு வரை சென்றவர்கள் பக்கத்து மலையின் காமன் கூத்தை ஏன் இவ்வாறு அழைத்து வரவில்லை என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.)

இனி, மேனாட்டைக் காட்டி ‘படைப்பெழுத்துப் பட்டம்’ என்ற புதுப் பலகையொன்றைத் தொங்கவிடுவோம் என்பாரும் உளர். அயோவாப் பல்கலைக்கழகம் 1936இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது உண்மையே. அங்கு பயன் தந்தது பட்டத்தின் பெயரன்று. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் வரிவரியாகப் படித்துத் திருத்தும் வழக்கம். அவ்வழக்கமின்றிப் பலகையை மட்டும் இறக்குமதி செய்தால், ‘படைப்பெழுத்தின் வரைவிலக்கணம் யாது?’ என்று மூன்று மணிநேரப் பரீட்சையில் வினாத்தொடுப்போம். மாணவர் அதையும் மனனம் செய்து முதல் வகுப்பில் தேறுவர்.

வேண்டுவது இதனினும் எளிது. இறுதியாண்டுப் பரீட்சைத் தாள்களுள் ஒன்றை நீக்கி, அவ்விடத்தில் ஓராண்டு எழுத்துப் பணியை வைக்க வேண்டும். கதையோ, வாழ்க்கை வரலாறோ, தோட்டமொன்றின் வரலாறோ, எதுவாயினும் ஆகுக. விரிவுரையாளர் ஒருவருக்கு ஆறு மாணவருக்கு மேலில்லை. குறைந்தது மூன்று வரைவுகள். ஒவ்வொரு வரைவிலும் ஆசிரியரின் கைக்குறிப்பு. ‘இதற்கு எவ்வாறு புள்ளியிடுவது?’ என்ற தடையை எழுப்புவோர், ஆய்வேட்டுக்கு இருவர் புள்ளியிடும் முறையை இன்றும் கையாண்டு வருவதை மறந்துவிடுகின்றனர். முதல் வரைவையும் இறுதி வரைவையும் அருகருகே வைத்து நோக்கினாற் பயிற்சியின் பயன் எவர்க்கும் புலப்படும்.

உண்மையான தடை வேறு. மூன்று வரைவுகளையும் ஆசிரியர் படிக்க வேண்டும். ‘அரைப்பேர்’ என்ற சொல்லுக்கு மாணவரிடம் பொருள் கேட்டறிய வேண்டும். மல்லிகை சி. குமார் 2020இலும், தெளிவத்தை ஜோசப் 2022இலும் மறைந்தனர். அவர்களிடம் கேட்டறிந்திருக்கக்கூடியதை இனிக் கேட்பதற்கில்லை. அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்து நம் விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்போரிடம் இன்றே கேட்கலாம்.