பெட்டகம் உறுதியானது, வாயிற்காவல்?

ஒரு வங்கிச் செயலி தன் தரவுத்தளத்தைத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை அழைக்க ஒரு திறவுகோல் வேண்டும். வாடகைக் கணினிகளில் இயங்க வேறொரு சான்று வேண்டும். மனிதர் எவரும் தட்டச்சு செய்யாமல், கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் இத்தகைய ரகசியங்கள் பெருநிறுவனம் ஒன்றில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். அவற்றைக் கோப்புகளில் சிதறவிடுவது ஆபத்து என்பதால், ஒரே இடத்தில் பூட்டிவைக்கும் ரகசிய மேலாண்மை மென்பொருள்கள் உருவாயின. அவற்றுள் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ஹாஷிகார்ப் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘வால்ட்’. சொல்லின் பொருளே பெட்டகம்தான். ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்கும் நடைமுறையை ஐபிஎம் 2025 பிப்ரவரியில் நிறைவுசெய்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில், சயாட்டா என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வால்ட்டில் 9 குறைபாடுகளைக் கண்டறிந்து வெளிப்படுத்தியது. முறைப்படி முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதால் திருத்தங்களும் வெளியாகின. ஆயினும், அக்குறைகளின் தன்மை நம்மைத் திகைக்கவைக்கிறது. மறைகுறியாக்கக் கணிதம் எதையும் எவரும் உடைக்கவில்லை. நுழைவாயிலில் பெயரைச் சரிபார்க்கும் இடத்தில்தான் கோளாறு.

தவறான கடவுச்சொல்லை 5 முறை அளித்தால், அந்தப் பயனரின் நுழைவை 15 நிமிடங்கள் தடுப்பது வால்ட்டின் இயல்பான ஏற்பாடு. உள்நுழையும்போது பயனர் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை. ஆனால், தவறுகளை எண்ணும் பகுதி பொருட்படுத்தியது. ‘அட்மின்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத 5 எழுத்துகள். ஒவ்வொன்றையும் இரு வடிவில் எழுதலாம் என்பதால் 32 வடிவங்கள். கதவைப் பொறுத்தவரை அத்தனையும் ஒரே ஆள். தவறுகளைக் குறிக்கும் ஏட்டில் 32 பேர். ஆக, 5 முறை என்ற வரம்பு 160 முறையாக விரிந்துவிடுகிறது. பெயர் நீளமாக நீளமாக இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் இத்தொல்லை எழ வழியில்லை!)

மற்றக் குறைகள் சிலவற்றிலும் இதே நோய்தான். ஒருமுறைக் கடவுஎண்ணுடன் வெற்றிடம் ஒன்றைச் சேர்த்தால், ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை’ என்ற பட்டியலுக்கு அது புதிய எண்ணாகத் தெரிந்தது; சரிபார்க்கும் பகுதியோ வெற்றிடத்தை நீக்கிவிட்டு ஏற்றுக்கொண்டது. ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரத்தை எவருக்கும் வழங்கக் கூடாது என்ற தடையையும், ஓரளவு அதிகாரம் பெற்ற நிர்வாகி ஒருவர் அச்சொல்லைச் சற்றே மாற்றி எழுதித் தாண்ட முடிந்தது. முதலில் தடுப்புச் சோதனை, பிறகு பெயரைச் சீராக்குதல் என்று வரிசை தலைகீழாக இருந்ததே காரணம். இவற்றுடன் இன்னொரு குறையும் சேர்ந்தால், அந்தக் கணினியிலேயே தாக்குபவர் தம் நிரலை இயக்கிவிடலாம். அந்தக் கடைசிக் குறை ஏறத்தாழ 9 ஆண்டுகள் கண்டறியப்படாமல் கிடந்தது.

இதே மென்பொருளின் மறுபக்கத்தைப் பாருங்கள். வால்ட்டைத் தொடங்கும்போது அதன் முதன்மைத் திறவுகோல் 5 பங்குகளாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் தரப்படும். மூவர் ஒன்றுகூடினால்தான் பெட்டகம் திறக்கும். கணிதவியலாளர் ஆதி ஷமீர் 1979-இல் வகுத்த முறை இது. அருமையான ஏற்பாடுதான். ஆனால், இயங்கும் பெட்டகம் எப்போதும் திறந்தே இருந்தாக வேண்டும். திறந்த பின்னர் மூவரின் பங்குகளுக்கு வேலையில்லை, உள்நுழைவுச் சோதனை மட்டுமே காவல். பெருமையோடு விளம்பரப்படுத்தப்படுவது முதலாவது. அன்றாடம் தாக்குதலைத் தாங்க வேண்டியது இரண்டாவது.

இது முதல் எச்சரிக்கையும் அன்று. அமேசான், கூகுள் மேகக் கணிமைச் சேவைகள் வழங்கும் அடையாளத்தை நம்பி வால்ட் ஆள்களை உள்ளே விடும் முறையில் இருந்த ஓட்டைகளை, கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழு 2020-லேயே சுட்டிக்காட்டியது. அப்போதும் கணிதம் சரியாகவே இருந்தது. வந்தவர் யார் என்று முடிவெடுத்த விதமே பிழை. 2025-இல் சயாட்டா, சைபர்ஆர்க் நிறுவனத்தின் ‘கான்ஜர்’ என்ற போட்டி மென்பொருளிலும் 5 குறைகளைக் கண்டது என்பதால், ஒரு நிறுவனத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ரகசியங்களை ஓரிடத்தில் குவிப்பது சிதறவிடுவதைவிட மேலானது என்பதே இன்னமும் என் கருத்து. ஆனால், குவித்த இடத்தின் வாசலை வெளியார் வந்து சோதிக்கும்வரை காத்திருப்பது உற்பத்தியாளருக்கு அழகல்ல.

பயன்படுத்துவோர் செய்ய வேண்டியதும் உண்டு. உள்நுழைவுத் தடையை மீறும் குறைக்கான திருத்தம், கட்டணப் பதிப்பில் 1.19, 1.18, 1.16 ஆகிய பழைய வரிசைகளுக்கும் தரப்பட்டது. இலவசப் பதிப்பினருக்கு 1.20.1 மட்டுமே. பழைய இலவசப் பதிப்பை ‘ஓடுகிறது, ஓடட்டும்’ என்று விட்டிருப்போர் மேம்படுத்தியே தீர வேண்டும். வால்ட்டிலிருந்து கிளைத்த ‘ஓப்பன்பாவ்’ பயனர்களும் விலக்கல்லர்; பொதுவான நிரல் காரணமாக அதற்கும் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. திருத்தத்தை நிறுவுவதோடும் வேலை முடிவதில்லை. வெளியார் தொடக்கூடிய இடத்தில் பெட்டகம் இருந்திருந்தால், பழைய உள்நுழைவுப் பதிவுகளில் ஒரே பெயர் பல எழுத்து வடிவங்களில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்; ஐயம் எழுந்தால், உள்ளே இருந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் திறவுகோலையும் மாற்ற வேண்டும். படித்துச் சென்றவரிடம் உள்ள பிரதியை எந்தத் திருத்தமும் அழிக்காது.