பெட்டிக்குள் பூட்டிய நடனம்

கண்டாச்சிபுரத்துச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "என் பெண்ணின் நடனம் டி.வி.யில் வந்தது. டிஷ் பெட்டியில் பென்டிரைவைச் செருகிப் பதிந்தேன். கம்ப்யூட்டரில் போட்டால் திறக்க மறுக்கிறது. ஏன்?"

பிழை உங்களுடையதல்ல, அம்மா. சந்தா கட்டும் பெட்டிகளில் பல, பதிவைத் தங்களுக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டிவிடுகின்றன. பாத்திரம் நம்முடையது, மூடி கடைக்காரருடையது என்ற கதைதான்! பெட்டியை மாற்றினால் பதிவும் போச்சு. ஆகையால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைக்கே நடனத்தை ஓடவிட்டு, திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அழகாக இராதுதான், ஆனால் இருக்கும்.

இனிமேலுக்கு ஒரு வழி உண்டு. தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' 2004 டிசம்பரில் வந்தது. மாதச் சந்தா கிடையாது. டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை என்றோமே, அதேதான்) இதில் பூட்டில்லாமல் வருகிறது. டிஷ் தென்கிழக்கே நன்றாக அண்ணாந்து நிற்கவேண்டும். அதன் வயரை, 'டி.வி.பி.-எஸ்2' டியூனர் பொருத்திய கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுங்கள். 'நெக்ஸ்ட் பி.வி.ஆர்.' போன்ற இலவச மென்பொருளில் நாளும் நேரமும் குறித்தால், நீங்கள் அடுப்படியில் இருந்தாலும் அது பதிந்துகொள்ளும். சந்தா சானல்கள் மட்டும் இதில் வரமாட்டா.

மணிக்கு 2 ஜி.பி. ஒதுக்கினால் தாராளம், 1000 ஜி.பி. டிஸ்கில் சுமார் 500 மணி அடங்கும். பதிந்த கையோடு இன்னொரு பிரதி எடுத்து, பிறந்த வீட்டில் கொடுத்து வையுங்கள்.