பிறவிக் குணமும் பேறுகாலப் பதிவேடும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம்மவர் பழமொழி. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதும் நம்மவர் பழமொழியே. முன்னது பிறவிக்கும் பின்னது வளர்ப்புக்கும் சாட்சி சொல்ல, நாம் சமயத்துக்கு ஏற்றதை எடுத்து வழங்கி வருகிறோம். பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் அது தந்தை வழி வந்த மூளை; அதே பையன் முரண்டு பிடித்தால் அது தாய்மாமன் வழி வந்த சுபாவம். பிழைப்பை நாடி இவ்வூர் வந்துவிட்ட நமக்கு மூன்றாவதாக ஒரு சமாதானமும் கிடைத்திருக்கிறது. "இந்த ஊர்த் தண்ணீர் அப்படி" என்று சொல்லி விடுகிறோம். பாவம், நம் பிள்ளைகளின் குறும்புக்கெல்லாம் கபினி நதி பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது!

பிறவி, வளர்ப்பு என்னும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி விஞ்ஞான வழக்காக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர். 1874-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இவ்விரு சொற்களும் இடம் பெற்றன. அவர் பிறவியின் பக்கமே சாய்ந்தார்.

நஞ்சன்கூட்டில் குடியிருப்போர்க்கு இவ்வழக்கை விளக்க நம் ஊர் ரசபாளெ வாழையே போதும். வாழையை விதையிட்டு வளர்ப்பதில்லை. தாய் வாழையின் அடியில் எழும் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுகிறார்கள். ஆதலின் தாய்க்கும் கன்றுக்கும் பிறவியில் வேற்றுமை இல்லை. ஆயினும் அதே கன்றை வேறு மண்ணில் வைத்தால் அந்த மணமும் இனிப்பும் வருவதில்லை என்பது இவ்வூர்க் குடியானவர்கள் சொல்லும் அனுபவம். இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடல் நோய் வந்தபோது, எத்தனை நல்ல மண்ணில் நின்றாலும் இவ்வினத்தால் அதை எதிர்த்து நிற்க இயலவில்லை. தோட்டங்கள் அருகிப் போயின. ஆக, மண்ணும் கன்றும் சேர்ந்தே பழத்தைத் தருகின்றன.

வாழைக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லி விடலாம். மனிதருக்கு எது பிறவி, எது வளர்ப்பு என்று எங்கே கோடு கிழிப்பது? பிள்ளை பூமியில் விழுந்த நாழிகை முதல் வளர்ப்பு, அதற்கு முன் உள்ளதெல்லாம் பிறவி. இதுவே நம் எல்லோருடைய கணக்கு. இந்தக் கணக்கைத் திருத்தச் செய்த சான்றுகளுள் முக்கியமான ஒன்று, நம் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் கிடைத்தது என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை, மிஷன் ஆஸ்பத்திரி என்றால்தான் பலருக்குத் தெரியும். அங்கே 1934-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றையும் தாயின் எடையையும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தனர். அந்தத் தாதியர் எந்த ஆராய்ச்சியையும் கருதி எழுதவில்லை. எழுதுவது முறை என்று எழுதினர். பார்சல் எடையைப் புத்தகத்தில் ஏற்றியே நாள் கழிக்கும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு பெருமிதம் உண்டாகிறது. எழுதினவர் போன பின்னும் ஏடு பேசுகிறது அன்றோ!

இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் இத்தகைய பழைய ஏடுகளைக் கொண்டு, பிறக்கும்போது எடை குறைந்தவர்க்குப் பிற்காலத்தில் இருதய நோய் மிகுதி என்று டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவ அறிஞர் கண்டிருந்தார். அவரும் அவருடைய துணைவர்களும் மைசூரு ஏடுகளை ஆராய்ந்தனர். 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்து, மருத்துவமனைக்கு அருகிலேயே வாழ்ந்து வந்த 517 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தனர். முடிவு 1996-இல் வெளியாயிற்று. பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுள் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய் இருந்தது. ஏறத்தாழ மூன்றேகால் கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களுள் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. தாயின் எடையும் குறைந்திருந்த இடத்தில் நோய் மேலும் மிகுந்து காணப்பட்டது.

ஐம்பது வயதில் வரும் நெஞ்சு வலியை நாம் பரம்பரை என்கிறோம். அல்லது புகையிலை, கவலை என்கிறோம். இவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் பிறக்கும் முன்னரே ஒரு வளர்ப்பு நடந்து முடிந்துவிடுகிறது. கருவறையும் ஒரு மண். அங்கே கிடைத்ததும் கிடைக்காததும் பிள்ளையின் உடலில் பதிந்து, பிறவி என்னும் பெயரோடு வெளியே வருகின்றன.

அப்படியானால் கர்ப்பிணிக்கு நெய்யும் இனிப்புமாக ஊட்டிவிட்டால் போதுமோ என்று பாட்டிமார் கேட்கக் கூடும். அதுவும் சரியன்று. அதே மைசூரு ஏடுகளிலிருந்து 1998-இல் வெளிவந்த முடிவு, நீரிழிவு நோய் சற்று வேறு வழியில் வருவதைக் காட்டியது. குட்டையாகவும், நீளத்துக்கு மிஞ்சிய பருமனோடும் பிறந்தவர்களிடத்தும், கனத்த தாய்மாருக்குப் பிறந்தவர்களிடத்தும் அந்நோய் மிகுந்திருந்தது. அளவு குறைவதும் கேடு, மிகுவதும் கேடு.

உடம்பு இவ்வாறாயின் அறிவும் குணமும் எப்படி? விஞ்ஞானப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நாம் இவ்விடத்தில் நிதானமாகவே பேச வேண்டும். அதே மருத்துவமனையில் 1997, 1998 ஆண்டுகளில் கருவுற்றிருந்த தாய்மாரைப் பரிசோதித்து, அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வந்தனர். 9, 10 வயதான 536 பிள்ளைகளுக்கு நினைவாற்றல், சொல்லாற்றல் முதலிய சோதனைகள் வைத்தனர். கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் போலேட் என்னும் சத்து மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் மேம்பட்டு நின்றனர். பெற்றோரின் கல்வி, வசதி முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் அந்த வேறுபாடு இருந்தது. போலேட் அரிய மருந்து ஒன்றும் அன்று. கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ளதுதான். பின்னர், பருவ வயதை எட்டிய சிலரை அந்நியர் முன் நிறுத்திப் பேசவும் கணக்குப் போடவும் செய்தபோது, கர்ப்ப கால நீரிழிவு இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம் மற்றவரைவிட மிகுதியாக ஏறிற்று. சபையில் படபடக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவன் சுபாவமே இப்படி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட இனி நாம் தயங்க வேண்டும்.

இதைப் படித்து, "எல்லாம் உன்னால் வந்தது" என்று மருமகளைச் சாடப் புறப்படும் மாமியார் சற்றுப் பொறுக்க வேண்டும். பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, பிற்காலத்தில் தான் பெறப்போகும் மக்களுக்கான கருமுட்டைகள் அதனுள் உருவாகி விடுகின்றன. எனவே நம்மில் ஒவ்வொருவரின் ஒரு பாதியும் ஒரு காலத்தில் பாட்டியின் வயிற்றில் இருந்ததே. அந்தப் பாட்டி, வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்டவள். குறை சொல்வதானால் எத்தனை தலைமுறைக்குப் பின்னே போவது? நம் வீடுகளில் இன்றும் பத்து வயதுப் பெண்ணுக்கு முட்டையும் பாலும் தம்பிக்கு அடுத்தபடியாகத்தான் கிடைக்கின்றன. அவளுடைய கர்ப்ப காலக் கணக்கு இன்றே தொடங்கி விட்டது.

தாய்வீடு தொலைவில் உள்ள நம் இளம் மனைவியர்க்கு ஒரு செய்தி. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியில் ஒரு வேளை முழு உணவு அளிக்கும் மாத்ருபூர்ணா என்னும் திட்டத்தைக் கர்நாடக அரசு 2017-இல் மாநிலம் முழுவதும் தொடங்கிற்று. கன்னடம் சரளமாக வரவில்லை என்னும் கூச்சத்தால் நம் பெண்கள் சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. துணைக்கு மொழி அறிந்த ஒருவர் முதல் நாள் சென்றால் போதும், கூச்சம் தீர்ந்துவிடும். கருவுற்றதும் பதிவு செய்து பெறும் தாயி கார்டில் மாதந்தோறும் தாயின் எடையையும், பின்னர் குழந்தையின் பிறப்பு எடையையும் எழுதுகிறார்கள். பிள்ளை பள்ளி சேர்ந்ததும் அதைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடுவது நம் வழக்கமாயிருக்கிறது. அதை ரேஷன் கார்டும் மதிப்பெண் சான்றிதழும் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள். பெண்ணாயின், அவள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது நகையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.