உப்பிட்டவர் யார்?



உங்கள் மகனோ மகளோ அரசாங்க வேலையில் சேர்ந்தால் சில தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். அவற்றில் ஒன்று 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் பற்றியது. வேலையில் தெரிந்துகொள்ளும் இரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நாமும் புத்தி சொல்வோம்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினை. பார்த்ததை வெளியில் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாதே."

நல்ல புத்திதான். ஆனால் அந்தப் பிள்ளை பார்த்தது என்ன? எந்தக் குற்றமும் செய்யாத கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசியை அரசாங்கம் இரகசியமாகக் கண்காணிப்பதைப் பார்த்திருந்தால்? அப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பது விசுவாசமா? வாயைத் திறந்தால் அது காட்டிக்கொடுப்பதா?

அமெரிக்காவில் மூன்று பேர் இந்தக் கேள்வியோடு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் கதையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் மார்க் கிளைன். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் 22 ஆண்டுகள் உழைத்த டெக்னீஷியன். பெரிய அதிகாரி அல்ல, கேபிள்களோடு வேலை செய்த தொழிலாளி. சான் பிரான்சிஸ்கோவில் அவர் வேலை செய்த கட்டடத்தில் 641ஏ என்று ஓர் அறை இருந்தது. அவரைப் போன்ற ஊழியர்கள் அதனுள் நுழைய முடியாது. தாம் பராமரித்த கேபிள்களில் ஓடிய இணையத் தகவல்களின் நகல் அந்த அறைக்குப் பிரிந்து போவதை அவர் கண்டறிந்தார். அது தேசியப் பாதுகாப்பு நிறுவனமான என்.எஸ்.ஏ.வுக்கான அறை! 2004-ல் ஓய்வு பெற்ற அவர், 2006 ஜனவரியில் ஆவணங்களோடு ஓர் உரிமை அமைப்பின் அலுவலகத்துக்கு நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னார். வழக்கு நடந்தது. ஆனால் 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, நடந்து முடிந்த செயலுக்கே தொலைபேசி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்தது. வழக்கு அடிபட்டுப் போனது. 2025 மார்ச்சில் கிளைன் காலமானார்.

அவர் உப்பிட்டவருக்குத் துரோகம் செய்தாரா? யோசித்துப் பாருங்கள். அவர் சம்பளம் யார் பணம்? மாதாமாதம் தொலைபேசிக் கட்டணம் கட்டிய மக்களின் பணம். அரசாங்க ஊழியரின் சம்பளமும் அப்படித்தான். நீங்கள் கட்டும் வரியிலிருந்துதான் அது வருகிறது. உப்பிட்டவர் மேலதிகாரி அல்ல, மக்கள்! மக்களுக்கு எதிரான செயலை மக்களிடமே மறைத்து வைப்பதுதான் உண்மையான துரோகம்.

"முதலில் மேலிடத்தில் புகார் செய்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டாமவரான தாமஸ் டிரேக் அதைத்தான் செய்தார். என்.எஸ்.ஏ.வின் மூத்த அதிகாரியான அவர், மேலதிகாரிகளிடம் சொன்னார், உள் விசாரணைப் பிரிவிடம் சொன்னார். பலனில்லை. பிறகுதான் ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். 2007-ல் அவர் வீட்டில் சோதனை நடந்தது. 2010-ல் அவர்மீது 10 குற்றச்சாட்டுகள். எல்லாம் நிரூபணமானால் 35 ஆண்டுகள் வரை சிறை! 2011-ல் அந்தப் பத்தும் கைவிடப்பட்டு, ஒரு சிறு குற்றத்தை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வழக்கு முடிந்தது. ஆனால் அவருடைய பழைய வாழ்க்கை திரும்பவில்லை. ஒரு கடையில் ஆப்பிள் கருவிகள் விற்கும் வேலைக்குப் போனார்.

மூன்றாமவர் எட்வர்ட் ஸ்னோடன். 2013 ஜூனில் அவருக்கு வயது 29. வெரிசோன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் என்.எஸ்.ஏ.விடம் கொடுக்க வேண்டும் என்ற இரகசிய நீதிமன்ற உத்தரவு அவரால்தான் வெளிவந்தது.

"நான் தப்பு செய்யவில்லை, கேட்டால் கேட்கட்டுமே" என்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கவே தேவையில்லை. ஒரு தொழிலாளி காலையில் தொழிற்சங்கத்துக்கும், மதியம் தொழிலாளர் இலாகாவுக்கும், மாலையில் வழக்கறிஞருக்கும் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தைகூடக் கேட்காமலேயே அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்துவிடுமே!

இவ்வளவும் பயங்கரவாதத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். அமெரிக்க அரசின் தனியுரிமை மேற்பார்வை வாரியமே 2014-ல் ஆராய்ந்தது. அந்த நாட்டுக்கு எதிரான மிரட்டல் எதிலும் இந்தத் திட்டம் விசாரணையின் முடிவை மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஸ்னோடன் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு ஏது?

ஆனால் அவர்மீதுள்ள குறையையும் நான் மறைக்கக் கூடாது. அவர் எடுத்த ஆவணங்களில் பெரும்பாலானவை மக்களின் தனியுரிமைக்குத் தொடர்பில்லாத பாதுகாப்பு விவரங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2016-ல் குற்றஞ்சாட்டியது. அவர் தந்த தகவலை வெளியிட்டுப் புலிட்சர் பரிசு பெற்ற வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையே, அவருக்கு மன்னிப்பு கூடாது என்று அதே ஆண்டு தலையங்கம் எழுதியது. உண்மையைச் சொல்பவருக்கும் பொறுப்பு உண்டு. தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். அப்பாவிகளுக்கு ஆபத்து வரக் கூடாது. விலை பேசக் கூடாது.

அவர் அந்த எல்லையைத் தாண்டினாரா? நீதிமன்றத்தில் விசாரிக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அவர்மீது பாய்ந்தது 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டம். மக்கள் நலனுக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்ப அதில் வழியில்லை. ஏன் செய்தாய் என்று கேட்காத நீதிமன்றத்தில் எப்படி நீதி கிடைக்கும்? ரஷ்யாவில் தஞ்சம் புகுந்த அவர், 2022-ல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார்.

இது தூரத்து நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012-ல் வந்த சொஸ்மா சட்டத்தின் 6-ஆம் பிரிவு, நீதிபதியைக் கேட்காமலேயே தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதிக்கும் அதிகாரத்தை அரசாங்க வழக்கறிஞருக்குத் தந்தது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதப்பட்டது. 2025 ஜூனில், நிறுவனங்களிடமிருந்து கைப்பேசித் தரவுகளைத் தொடர்புத்துறை ஆணையம் கேட்டது செய்தியாக வெளிவந்தது. அடையாளம் நீக்கப்பட்ட புள்ளிவிவரம்தான் என்று ஆணையம் விளக்கியது. அப்படியே இருக்கட்டும். ஆனால் பத்திரிகை எழுதிய பிறகுதானே மக்களுக்குத் தெரிந்தது?

அதே 2010-ல் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அமலாக்க இலாகாவிடம் போனவருக்கு மட்டுமே அது பாதுகாப்பு தந்தது. பத்திரிகையாளரிடம் போனவருக்கு இல்லை. வேறு சட்டம் தடுக்கும் தகவலைச் சொன்னவருக்கும் இல்லை. இரகசியச் சட்டத்திலோ, 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஓர் ஆவணம் இரகசியம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது!

எல்லாரும் வீரர்களாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் உள்ளவர்கள் நாம். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது வேலையிடத்தில் பெரிய தவற்றைப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் போடாமல், தாள் எதையும் வெளியே கொண்டுவராமல், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், "பொதுநலனுக்காகப் பேசியவர் அதை நீதிமன்றத்தில் சொல்லித் தற்காத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். நமக்காகப் பேசியவரைத் துரோகி என்று யாராவது சொன்னால், உப்பிட்டவர் யார் என்றும் கேளுங்கள்.