பதினாறும் பதினாறும்



சென்ற திங்கள் மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு மாலையில், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். நெற்றியில் சிறு கட்டு, முகத்திலோ பெருங்கவலை. தருமபுரிப் பக்கத்தினின்று ஆனேக்கல்லுக்குக் குடிபெயர்ந்து ஒரு தலைமுறை கண்ட குடும்பம் அவருடையது. தந்தையார் விட்டுச் சென்ற பழைய ஜீப் ஒன்றே அக்குடும்பத்தின் பிழைப்பு. தளி சாலையை ஒட்டிய தோட்டங்களினின்று காய்கறி மூட்டைகளையும் பூக்கூடைகளையும் ஏற்றி வருவதும், மண்பாதையின் உட்புறத்தே வாழும் குடும்பங்களின் பிள்ளைகளைக் காலையில் தார்ச்சாலை வரை கொண்டு வந்து விடுவதும் அதன் அன்றாட வேலை.

அந்த ஜீப்பு வளைவொன்றில் வழுக்கி மண்மேட்டில் மோதிவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆயினும் உள்ளே இருந்த சிறுமி ஒருத்திக்குக் கை எலும்பு முறிந்தது. அன்று முதல் பெற்றோர் எவரும் தம் பிள்ளைகளை அவ்வண்டியில் அனுப்புவதில்லை. "அண்ணா, டயரும் பதினாறு, டிஸ்க்கும் பதினாறு. நான் செய்த பிழைதான் என்ன?" என்று அவர் கேட்டபோது அவர் கண்கள் கலங்கின.

நிலையத்தில் கணக்கெழுதும் நமக்குப் பொறியியல் தெரியாது. எனினும் இக்கேள்விக்கு விடை காணாது விட மனம் ஒப்பவில்லை. பட்டறைக்காரர் சிலரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம். நம் குடும்பங்களில் ஜீப்பும் தாரும் வைத்திருப்போர் இன்று பலர். அவர்கள் அனைவருக்கும் இது பயன்படும் என்பது நம் எண்ணம்.

நடந்தது இதுதான். அடுத்த தெருவில் ஒருவர் தம் புதிய வண்டிக்கு வேறு டயர் வாங்கிப் போட்டு, கழற்றிய நான்கையும் மலிவாக விற்றார். டயரின் பக்கச்சுவரில் 245/75 ஆர் 16 என்று பொறித்திருந்தது. இளைஞரின் ஜீப்பில் இருந்ததோ 6.00-16 என்னும் பழைய அளவு. இரண்டிலும் 16 இருப்பதைக் கண்டதும் அவர் மகிழ்ந்தார். பஞ்சர் கடைக்காரரும் மறுப்பின்றி மாட்டிக் கொடுத்தார். வண்டி உயரமாகவும் மிடுக்காகவும் நின்றது. இரண்டு வாரம் கழித்து, சேற்றைக் கடப்பதற்காகக் காற்றைக் குறைத்தவர், தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் நிரப்ப மறந்தார். வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்ததும், வெளிப்பக்கத்து முன் டயர் டிஸ்க்கின் விளிம்பை விட்டு நழுவிற்று. காற்று ஒரு நொடியில் போயிற்று.

16 என்பது யாது? டிஸ்க்கின் விட்டம் 16 அங்குலம் என்பதே அதன் பொருள். அஃது ஓர் அளவு மட்டுமே. டிஸ்க்கிற்கு அகலம் என்னும் இரண்டாவது அளவும் உண்டு. பழைய ஜீப்பின் டிஸ்க் 4½ அங்குல அகலமுடையது. 6 அங்குல அகலமுள்ள டயருக்கென்றே அமைந்தது. 245 என்பதோ டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 9½ அங்குலம் என்பதைக் குறிக்கும். அத்தகைய டயருக்கு 6½ முதல் 8 அங்குலம் வரை அகலமுள்ள டிஸ்க் வேண்டும். இளைஞரின் டிஸ்க் அதற்கு 2 அங்குலம் குறைவு. விட்டம் ஒத்ததால் டயர் உட்கார்ந்தது. அகலம் ஒவ்வாததால் நிலைக்கவில்லை.

நம் ஊர் மாட்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். கொல்லர் இரும்புப் பட்டாவை நெருப்பிலிட்டுக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் வட்டையின்மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிர்விப்பார். பட்டா சுருங்கி வட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். வட்டையை அளந்த பின்னரே அவர் பட்டாவை வெட்டுவார். இரயில் சக்கரங்களிலும் எஃகு டயரை இவ்வாறே காய்ச்சி ஏற்றும் முறை நெடுங்காலம் இருந்தது. இரும்பும் மரமும் சேர்வதற்கே இத்துணை அளவு வேண்டுமாயின், காற்றின் வலிமையால் மட்டுமே டிஸ்க்கைப் பற்றி நிற்கும் ரப்பர் டயருக்கு எத்துணை வேண்டும்!

குறுகிய டிஸ்க்கில் அகன்ற டயரை மாட்டினால் அதன் இரு உள்விளிம்புகளும் நெருக்குண்டு, பக்கச்சுவர் புடைத்து, நடுப்பகுதி மேடாகும். மேடான இடமே தரையைத் தொடுவதால் நடுவிலுள்ள பட்டன்கள் விரைவில் தேயும். வளைவில் டிஸ்க் ஒருபுறமும் டயர் மறுபுறமும் இழுக்க, வண்டி மிதப்பது போல் அலையும். டிஸ்க் அளவுக்கு மீறி அகன்றிருந்தாலும் தீமையே. பக்கச்சுவர் இழுபட்டு நிற்க, கல்லும் குழியும் டிஸ்க்கின் விளிம்பையே நேராகத் தாக்கும்.

இளைஞர் அறியாத வேறொன்றும் இதிலுண்டு. அவர் வாங்கியவை டியூப்லெஸ் டயர்கள். அவற்றிற்கென அமைந்த டிஸ்க்கின் உட்புறத்தில், உள்விளிம்பு நழுவாதபடி தடுக்கச் சிறு வரப்புப் போன்ற மேடு ஒன்று இருக்கும். டியூப் போடும் காலத்துப் பழைய டிஸ்க்கில் அவ்வரப்பு இல்லை. வரப்பில்லா வயலில் நீர் நிற்குமோ? காற்றழுத்தம் குறைந்தபோது டயரைத் தடுத்து நிறுத்த அங்கு ஒன்றுமில்லாது போயிற்று.

டயர் ஒரு தொழிற்சாலையிலும் டிஸ்க் வேறொரு தொழிற்சாலையிலும் பிறக்கின்றன. திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1961இல் டயர் செய்யும் துறையில் இறங்கியது. டிஸ்க் செய்யும் வீல்ஸ் இந்தியா நிறுவனம் சென்னைப் பாடியில் 1960களில் வளர்ந்தது. ஒன்றையொன்று காணாத இவ்விருவகைப் பொருள்களும் பொருந்துவது எங்ஙனம்? ஒவ்வொரு டயர் அளவுக்கும் இன்ன அகலம் முதல் இன்ன அகலம் வரையுள்ள டிஸ்க்கே ஏற்றது என்று வரையறுத்த அட்டவணைகள் உண்டு. நம் நாட்டில் இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அத்தகைய நூலை வெளியிடுகின்றது. டயர் விற்போரிடம் கேட்டால் அவ்வளவைக் கூறுவர். கேட்பதற்குக் காசில்லை, கேளாமைக்கே பெருவிலை.

இனி, பெரிய டயரால் வரும் பயன் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 245/75 என்றால், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 75 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ 184 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் 368. டிஸ்க்கின் 16 அங்குலம் 406. கூட்டினால் 774 மில்லிமீட்டர், அதாவது 30½ அங்குல விட்டம். பழைய 6.00-16 டயரோ 28½ அங்குலம் அளவினது. ஆக விட்டம் 2 அங்குலம் கூடுகிறது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதியே. அச்சுக்குக் கீழுள்ள ஆரம் மட்டுமே வண்டியைத் தூக்கும். அச்சுக்கு மேலுள்ள பாதி மட்கார்டை நோக்கியே வளரும். அந்த ஓர் அங்குல உயரத்திற்காகவே இத்துணைப் பாடும்!

அதற்கு நாம் கொடுக்கும் விலையையும் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னைவிட 7 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்லும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 64இல் ஓடிக்கொண்டிருக்கும். பளுவோடு மேடேறும்போது இஞ்சின் திணறும். கீழ்க் கியரை நாட வேண்டிவரும். சக்கரம் பெரிதான அளவுக்குப் பிரேக்கின் பிடியும் தளரும். இவையனைத்தும் மூட்டை ஏற்றி இறக்கம் இறங்கும் வண்டிக்குச் சிறிய செய்திகள் அல்ல.

இரயில்வேயில் அளவு மீறிய சரக்கு என்று ஒன்றைக் கூறுவோம். வண்டியின் வரம்புக்கோட்டைத் தாண்டிய சரக்கைத் தனி அனுமதியின்றி நிலையத்தை விட்டு அனுப்பமாட்டோம். நின்ற இடத்தில் இடிக்காத சரக்கு, பாலத்திலும் வளைவிலும் இடிக்கக்கூடும் என்பதே காரணம். டயரும் அவ்வாறே. பட்டறையில் நேராக நிற்கும்போது எங்கும் உரசாத டயர், ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்தால் ஸ்பிரிங் பட்டையில் உரசும். ஒரு சக்கரம் குழியில் இறங்க மற்றொன்று மேட்டில் ஏறினால் மட்கார்டில் இடிக்கும். ஆகவே முழுப் பளு ஏற்றி, இருபுறமும் முழுவதும் ஒடித்துப் பார்த்த பின்னரே பொருந்திற்று என்று சொல்லல் வேண்டும்.

அப்படியாயின் பெரிய டயரே கூடாதோ எனின், அவ்வாறு சொல்லோம். 2020ஆம் ஆண்டு வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியில் 245/75 ஆர் 16 அளவும் 255/65 ஆர் 18 அளவும் வந்தன. டயரின் அளவை மாற்றிய அந்நிறுவனம், டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றியதைக் கவனியுங்கள். நாமும் அவ்வழியே செல்ல வேண்டும். டயரை மாற்ற விரும்புவோர் முதலில் டிஸ்க்கின் அகலத்தைப் பார்க்க. பின்னர் போல்ட்டு வட்டத்தைப் பார்க்க. பழைய ஜீப்பில் 5 போல்ட்டுகள் 5½ அங்குல வட்டத்தில் நிற்கும். வட்டம் ஒத்தால் மட்டும் போதாது. நடுத்துளையும் ஒத்தல் வேண்டும். டிஸ்க் எவ்வளவு உள்ளே அமர்கிறது, எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். வெளியே மிகத் தள்ளினால் பேரிங் மீது பாரம் கூடி, அது விரைவில் தேயும்.

அடுத்துப் பளுத்தாங்கும் எண்ணைக் காண்க. டயரின் அளவை ஒட்டி 100 என்றிருந்தால் அந்த டயர் ஒன்று 800 கிலோவும், 111 என்றிருந்தால் 1,090 கிலோவும் தாங்கும். பழைய டயர் வாங்குவோர் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது அது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அத்திப்பள்ளியைத் தாண்டி இரு மாநிலங்களிலும் ஓடும் நம்மவர், எதையும் மாற்றுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நன்று. விபத்துக்குப் பின் கேட்பதில் பயனில்லை.

சேற்றில் உண்மையாக உதவுவது டயரின் பருமனைவிடப் பட்டனின் ஆழமும் காற்றின் அளவுமேயாம். மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள பாதையில், பழைய ஜீப்பின் ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக் கீழே பிடிகொள்ளும். மணலிலும் ஆழ்ந்த சேற்றிலும் காற்றைச் சற்றுக் குறைத்தால், தரையைத் தொடும் பரப்பு நீண்டு பிடிப்புக் கூடும். ஆனால் மெல்லவே ஓட்ட வேண்டும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். டியூப் உள்ள டயரில் காற்றை மிகக் குறைத்தால் டயர் நழுவி டியூப்பின் வால்வு அறுந்துபோகும் என்பதையும் நினைவிற் கொள்க.

இவையனைத்தையும் இளைஞரோடு அமர்ந்து பேசினோம். புது டிஸ்க் நான்கும் வாங்க அவரிடம் பொருளில்லை. ஆகவே அகன்ற டயர்களை விற்றுவிட்டு, 6.00-16 அளவிலேயே ஆழ்ந்த பட்டன் உள்ள டயர்களையும் புதிய டியூப்களையும் வாங்கினார். காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்றும் இப்பொழுது வண்டியில் இருக்கிறது. வண்டி முன்போல மிடுக்காக இல்லை என்று நண்பர்கள் நகைக்கின்றனராம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பதை அறிந்தவர்க்கு அந்நகைப்பு ஒரு பொருட்டன்று.

கட்டுப் பிரித்த அன்று அச்சிறுமியின் வீட்டிற்கு நாமும் அவரோடு சென்றிருந்தோம். தாயார் வாசலுக்கு வந்து, ஜீப்பின் நான்கு சக்கரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பின்னர் இளைஞரை நோக்கி, "தம்பி, திங்கட்கிழமை ஏழரைக்கு வந்துடு" என்றார்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்றே ஒருமுறை தம் டயரின் பக்கச்சுவரையும் டிஸ்க்கின் அகலத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுகின்றோம். ஐயமுள்ளோர் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்திற்கு அக்குறிப்புடன் வருக.