மூன்று சொற்களும் நம் இல்லங்களும்

குடும்பத்தைப் பற்றிப் பேசாத பாப்பரசர் இல்லை. எனினும் 2015-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் புதன்கிழமை, உரோமையில் புனித இராயப்பர் பேராலய முற்றத்தில் கூடிய மக்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் ஆற்றிய உரை சற்று வேறு விதமானது. குடும்ப வாழ்வின் வாசற்கதவில் மூன்று சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்றார் அவர். 'பெர்மேசோ', 'கிராட்சியே', 'ஸ்கூசா' என்னும் இத்தாலியச் சொற்கள் அவை. 'வரலாமா?', 'நன்றி', 'மன்னித்துக்கொள்' என்று நம் மொழியில் சொல்லலாம்.

இவ்வளவுதானா, இதை நாம் எல்.கே.ஜி. குழந்தைக்கே சொல்லிக் கொடுக்கிறோமே என்று நம்முள் சிலருக்குத் தோன்றும். சொல்வது எளிது, நடப்பது கடினம் என்று அவரே அன்று ஒப்புக்கொண்டார். வெறும் நாகரிகப் பேச்சை அவர் கேட்கவில்லை. இயேசுவைச் சோதிக்க வந்த பசாசும் மரியாதையாகத்தானே பேசியது என்று நினைவூட்டினார். அவர் வீட்டுச் சந்தடி தெரிந்தவர். அர்ஜென்டினா நாட்டின் புவெனஸ் அயர்ஸ் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராக 1936-இல் பிறந்தவர். தமக்குச் செபிக்கக் கற்றுத் தந்தவர் பாட்டி ரோசா என்று பலமுறை சொன்னவர். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குடும்பம் என்றால் சண்டை வரும், சில வேளை தட்டும் பறக்கும் என்றார். மாமியார்களைப் பற்றி மட்டும் பேசப் போவதில்லை என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். 2025 ஏப்ரல் 21-இல், 88 வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் சொன்ன மூன்று சொற்களை நம் வீடுகளில் வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

நம் வீடுகளில் இச்சொற்கள் புழங்குவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தோசை வார்த்துப் போட்ட அம்மாவிடம் மகள் "நன்றி அம்மா" என்று சொல்லிப் பார்க்கட்டும். "என்னடி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்பார். நமக்குள் என்ன நன்றி, என்ன மன்னிப்பு, அதெல்லாம் வெள்ளைக்காரர்களின் உபசாரம் என்று பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். இதில் பாதி உண்மை. வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை நம் ஊரில் 'போகிறேன்' என்று சொல்லாது, 'போயிட்டு வரட்டுமா?' என்று கேட்கும். அனுமதி கேட்கும் சொல் நம் வாசற்படியிலேயே இருக்கிறது. சொல் இருக்கிறது, ஆனால் யார் யாரிடம் கேட்கிறார்கள்? இங்குதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

சிறியவர் பெரியவரிடம் கேட்கிறார். மனைவி கணவரிடம் கேட்கிறார். எதிர்த் திசையில் இக்கேள்வி போவது அபூர்வம். திருத்தந்தையோ, அன்பு எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவுக்கு மற்றவரின் சுதந்திரத்தை மதிக்க வேண்டும், அவர் உள்ளக் கதவைத் தாமே திறக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். திருவெளிப்பாடு நூலில் இயேசுவே கதவண்டை நின்று தட்டுகிறவராக அல்லவா வருகிறார்? தேவனே தட்டிக் காத்திருக்க, நாம் மகளின் நோட்டுப் புத்தகத்தைக் கேளாமல் புரட்டுகிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எந்தக் குரூப் எடுப்பது என்பதைச் சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமா எல்லாரும் கூடி முடிவு செய்கிறார்கள். படிக்கப் போகிறவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

திருமணப் பேச்சில் இது இன்னும் கூர்மையாகிறது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் சட்டம் கூறுகிறது. பீடத்தின் முன்னே குருவானவர் முழு மனத்தோடு வந்தீர்களா என்று கேட்கத்தான் செய்கிறார். ஆனால் பத்திரிகை அச்சாகி, கோயிலில் மூன்று ஓலையும் வாசித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டி, உறவினர் வந்து இறங்கிய பிறகு கேட்கும் கேள்விக்கு எந்தப் பெண்ணால் 'இல்லை' என்று சொல்ல முடியும்? அதே கேள்வியை ஆறு மாதத்துக்கு முன்னால், அடுப்படியில், அவசரம் இல்லாமல் அப்பாவும் அம்மாவும் கேட்டிருக்க வேண்டும். பெற்றோர் இதை வாசிப்பார்கள் என்பதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். கேட்டால் மகள் கையை மீறிப் போய்விடுவாள் என்று அஞ்சுபவர்கள் உண்டு. கேட்கப்படாத மகள்தான் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பது எங்கள் எண்ணம்.

நன்றியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே, பதினோராவதாக, வகுத்து வைத்தார். உணவுக்கு முன் சிலுவை அடையாளம் வரைந்து இறைவனுக்கு நன்றி சொல்கிறோம்; கரண்டியோடு பக்கத்தில் நிற்பவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. குழம்பில் உப்புச் சரியாக இருக்கும் நாளில் யாரும் பேச மாட்டோம், கூடிவிட்டால் ஊரே பேசும்! 'நன்றி' என்ற சொல் கூச்சமாக இருந்தால் போகட்டும். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டு, அவருக்கும் ஒரு தட்டு வைக்கலாமே. சாப்பிடும்போது பேசாமல் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தைக் குடும்பம் என்று சொல்வதே கடினம் என்று 2015 நவம்பரில் மற்றொரு புதன்கிழமை உரையில் அதே திருத்தந்தை வருந்தினார். தமது தட்டைத் தாமே கழுவி வைக்கும் பையனைப் பெற்ற வீடுகளும் நம்மிடையே உண்டு. அவை பெருக வேண்டும்.

மூன்றாவது சொல்லே கடினமானது. சமாதானம் ஆகாமல் நாளை முடிக்காதீர்கள் என்றார் திருத்தந்தை. அதற்காக முழங்காலில் விழ வேண்டியதில்லை, ஒரு சிறு செய்கை, ஒரு தடவல் போதும் என்றும் சொன்னார். இதை நம் அப்பாக்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை! காலையில் மகளைத் திட்டிவிட்டுப் போனவர் மாலையில் பக்கோடாப் பொட்டலத்தோடு வருவார். "அவளைச் சாப்பிடக் கூப்பிடு" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். அதுதான் அவருடைய 'ஸ்கூசா'. மகளுக்கும் அது புரியும். ஆனால் செய்யாத குற்றத்தைச் சுமத்தியிருந்தால் பொட்டலம் போதாது. பக்கோடா பசியைத் தீர்க்கும், பழியைத் தீர்க்காது. அங்கே "நான் நினைத்தது தப்பும்மா" என்று வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும். சொன்ன அப்பாவின் மதிப்புக் குறைந்ததாக நாம் கண்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரவெல்லாம் குடித்து அடித்துவிட்டு விடிந்ததும் மன்னிப்புக் கேட்பதும், மறுநாளும் அதையே செய்வதுமாக இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே பொறுத்துப் போ, மன்னித்துப் போ என்று பெண்ணுக்கு மட்டும் போதிப்பது விசுவாசம் ஆகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது அறிவுரை மடல், 241-ஆம் பத்தியில், கொடுமையிலிருந்து துணைவரையும் சிறு பிள்ளைகளையும் காப்பதற்குப் பிரிந்து வாழ்வது சில வேளை அறநெறிப்படியே தேவையாகலாம் என்று தெளிவாகக் கூறுகிறது. இது தெரியாமல் வருந்தும் தாய்மார் இதை நம் கன்னியரிடமோ பங்குக் குருவிடமோ கேட்டறியலாம்.

அம்மாவை எதிர்த்துப் பேசிய பாவத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுக் குருவிடம் சொல்கிறோம், அம்மாவிடம் சொல்வதில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் கூறும் நேரம் வந்ததும், முன்பின் அறியாதவர்களுக்குக் கைகூப்புகிறோம். நம் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மாவும் மகளும் பக்கத்தில் நிற்பதால் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்ப வழியுண்டு. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே அகன்ற நடைபாதை கிடக்கிறது. அவர்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா காபி போட உள்ளே போகும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேசிக்கொள்ள முடியும்.