பக்கத்து இலை



ஜலகண்டாபுரத்திலிருந்து தறி நெய்யும் அம்மா ஒருவர் எழுதிய கடிதம் ஒரு வாரமாக என் மேசையில் இருக்கிறது. முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாக உதிர்கிறதாம். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்திருக்கிறார். மருத்துவர் பார்த்துவிட்டு சொரியாசிஸ் என்றாராம். நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டார். உறவுக்காரர் வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போனதுதான் அவருக்கு ஆறவில்லை. "இது ஒட்டிக்குமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒட்டாதுங்க அம்மா. தொற்றிக்கொள்ள இதில் கிருமி எதுவும் இல்லை.

தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிரச் சுமார் ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. செல்களுக்கு இடையே ஓடும் சேதி நிற்காததால் வரும் வினை இது. இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-17 என்ற புரதங்கள்தான் அந்தச் சேதி. நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அனுப்பி, தோல் செல்களைப் பெருகச் சொல்கின்றன. பெருகிய தோல் செல்கள் மேலும் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடுகின்றன. புதிய ஊசி மருந்துகள் பலவும் இந்தச் சேதியைத்தான் வழிமறிக்கின்றன. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இடோலிசுமாப் மருந்து கொஞ்சம் வேறு வழி: எதிர்ப்புச் செல்லின் மேலுள்ள சிடி6 புரதத்தையே பிடித்து அடக்குகிறது. 2013-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இந்த நோய்க்கு நம் பக்கம் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அந்த இலையிலிருந்து நீலச் சாயமும் எடுத்திருக்கிறார்கள். அவுரியைப் போலவே இதிலும் இண்டிருபின் என்ற பொருள் உண்டு. தோல் செல்லுக்குள் இருக்கும் ஏஎச்ஆர் என்ற ஏற்பியை அது தூண்டும். அதே ஏற்பியைத் தூண்டும் டாப்பினரோப் களிம்புக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நெசவாளிக்குப் பதில் தேடப் போய்ச் சாய மரத்தடியில் வந்து நின்றேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதற்காக எண்ணெயை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். மூட்டு வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டுக்கும் போகும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பந்தியில் இப்படி ஒருவரைப் பார்த்தால், அவர் பக்கத்து இலையில் உட்காருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்